இளைஞர் அரசியலும் இணைய எழுத்தும்: கொல்லிமலை ஓர் உரைகல்

முன்னுரை

ஒரு நாட்டின் அரசியல் சட்டமன்றத்தோடும் நாடாளுமன்றத்தோடும் முடிந்துவிடுவதில்லை. ஊர்த் திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் படிப்பகத்திலும் மக்கள் கூடிப் பேசும் பேச்சே அதன் வேராகும். இற்றைநாளில் அப்பேச்சின் பெரும்பகுதி கைப்பேசிக்குள் குடியேறிவிட்டது. கல்லூரி மாணவர் ஒருவர் காலையில் எழுதும் அரசியற் கருத்து, மாலைக்குள் கடல்கடந்த ஊர்களையும் சென்றடைகின்றது. எழுதுவோரும் படிப்போரும் ஒருவரையொருவர் நேரிற் காணாமலே குழுமங்களாகத் திரள்கின்றனர்.

இவ்வாறு திரளும் திரள் உண்மையிலேயே ஒரு சமூகமா? விரைந்து கூடுவது எளிது. கூடியவர் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வரவும், அம்முடிவுக்குப் பொறுப்பேற்கவும் இயலுமா? இவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய்கின்றது. பொன்னின் மாற்றைக் காண உரைகல் வேண்டும். இளைஞர்தம் அரசியல் எழுத்தின் மாற்றைக் காண ஈண்டு எடுத்துக்கொள்ளும் உரைகல் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையாகும். அம்மலையூர் மக்களின் குரலைக் கேட்கவும், அவர்தம் கிராம சபையில் பயன் விளைக்கவும் வல்ல எழுத்தே நிலைத்த எழுத்து என்பது இக்கட்டுரையின் துணிபு.

இதழ்கள் வளர்த்த அரசியல்

இளைஞர் எழுதி, எழுத்தின்வழி ஆள் சேர்த்து, பின்னர் அரசியல் நடத்தியது தமிழர்க்குப் புதிதன்று. 1882-இல் இலங்கையில் அறிஞர் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' என்னும் இதழைத் தொடங்கினார். கல்வியிற் பின்தங்கியிருந்த ஒரு சமுதாயத்தை எழுத்தின்வழி எழுப்ப இயலும் என்பதற்கு அது முற்காலச் சான்று. தமிழகத்தில் பா. தாவூத் ஷா நடத்திய 'தாருல் இஸ்லாம்' சமயச் சீர்திருத்தத்தையும் நல்ல தமிழையும் ஒருசேர வளர்த்தது. 1925-இல் ஈரோட்டிலிருந்து வெளிவரத் தொடங்கிய 'குடியரசு' சுயமரியாதை இயக்கத்தின் குரலாயிற்று.

இவற்றுள் மாணவர்க்கு நெருக்கமான சான்று ஒன்று உண்டு. திருவாரூரில் பள்ளி மாணவராயிருந்த மு. கருணாநிதி 'மாணவ நேசன்' என்னும் கையெழுத்து இதழை நடத்தினார். 1942-இல், தம் பதினெட்டாம் அகவையில், 'முரசொலி'யைத் துண்டறிக்கையாக வெளியிட்டார். கையெழுத்து இதழின் படிகள் மிகச் சிலவே. ஆயினும் ஒரு படி பல கைகளுக்கு மாறிற்று. எழுதியவர் இன்னாரென்பதை ஊர் அறிந்திருந்தது. ஐயம் உடையோர் தெருவில் மறித்துக் கேட்கவும், எழுதியவர் மறுமொழி கூறவும் இயன்றது.

படிப்பகங்களின் தொண்டும் நினைக்கத்தக்கது. எழுத்தறிந்த ஒருவர் நாளேட்டை உரக்கப் படிப்பார், அறியாதார் பலர் சூழ்ந்திருந்து கேட்பர், கேட்டபின் வாதிடுவர். எழுத்து அங்கே பேச்சாகவும், பேச்சு முடிவாகவும் மாறிற்று. 1965-இல் இந்தி ஆதிக்கத்தை எதிர்த்துத் தமிழக மாணவர் கிளர்ந்தெழுந்தபோது, அவ்வெழுச்சியின் பின்னே இருபது முப்பதாண்டுக் கால இதழ்களும் படிப்பகங்களும் மன்றங்களும் நின்றன. அதனாலேயே அவ்வெழுச்சி 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆட்சி மாற்றமாகக் கனிய முடிந்தது எனலாம்.

இணையத்தில் ஏறிய தமிழ்

தமிழ் கணினியில் ஏறியதற்கும் பலருடைய தன்னலமற்ற உழைப்பே காரணமாகும். மலேசியாவின் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி இணையத் தமிழுக்கு முன்னோடியாய் உழைத்தார். 1999-இல் சென்னையில் நடைபெற்ற இணைய மாநாட்டையொட்டித் 'தமிழ்99' என்னும் விசைப்பலகை அமைப்பு ஏற்கப்பட்டது.

இவ்வரிசையில் நம் மாணவர் அறிந்து போற்றவேண்டியவர் அதிராம்பட்டினத்து உமர்தம்பி. ஒருவருடைய கணினியில் தெரியும் தமிழ் மற்றவர் கணினியில் கட்டங்களாகத் தெரிந்த காலத்தில், ஒருங்குறி முறைக்கேற்ற 'தேனீ' எழுத்துருவை உருவாக்கி அனைவர்க்கும் விலையின்றி வழங்கினார். வலைப்பூக்களில் முதன்முதல் தமிழ் எழுதிய இளைஞர் பலர்க்கு அது கைகொடுத்தது. 2006-இல் அவர் மறைந்தார். சிதறிக் கிடந்த அவ்வெழுத்துகளை ஓரிடத்தில் திரட்டிக் காட்டும் 'தமிழ்மணம்' காசி ஆறுமுகம் அவர்களால் 2004-இல் தொடங்கப்பெற்றது. தனித்தனியே எழுதியோர் ஒருவரையொருவர் படித்து மறுத்தும் உடன்பட்டும் எழுதும் சூழல் அதனால் உருவாயிற்று.

பின்னர் முகநூலும் வாட்ஸ்அப்பும் யூடியூப்பும் வந்தன. எழுத்து குறுகிற்று, பரவும் விரைவு பெருகிற்று. நீண்ட கட்டுரையை மறுக்க மற்றொரு கட்டுரை எழுதவேண்டியிருந்தது. ஒருவரிச் செய்தியைப் பரப்புவதற்கோ விரலின் ஓர் அசைவு போதும். சிந்திப்பதற்கென இடையில் இருந்த கால இடைவெளி மறைந்தது. இம்மாற்றத்தின் நன்மையையும் தீமையையும் பிற்கால நிகழ்ச்சிகளிற் காணலாம்.

மெரினா கற்பித்த பாடம்

2014 மே 7-ஆம் நாள் உச்சநீதிமன்றத் தீர்ப்பினால் சல்லிக்கட்டு தடைசெய்யப்பட்டது. 2017-ஆம் ஆண்டுப் பொங்கலுக்குப் பின் அலங்காநல்லூரில் போராடியோர் தடுத்து வைக்கப்பட்டனர் என்னும் செய்தி கைப்பேசிகள்வழிப் பரவியது. சனவரி 17 அன்று சென்னை மெரினாக் கடற்கரையில் இளைஞர் கூடத் தொடங்கினர். அடுத்த சில நாள்களில் மதுரை, கோவை, திருச்சி, சேலம் எனத் தமிழகமெங்கும் மாணவர் திரண்டனர். கட்சிக் கொடி இல்லை. அறிவிக்கப்பட்ட தலைவர் இல்லை. குப்பையை அவர்களே அகற்றினர். போக்குவரத்தை அவர்களே ஒழுங்குபடுத்தினர். முஸ்லிம் இளைஞர் கடற்கரையில் தொழுதபோது பிற சமயத்து நண்பர் சூழநின்று காத்த காட்சியை நாளேடுகள் வெளியிட்டன.

சனவரி 21-இல் அவசரச் சட்டம் பிறந்தது. அவ்வளவில் மற்றொரு வினா எழுந்தது. அவசரச் சட்டத்தை ஏற்றுக் கலைவதா, நிலையான சட்டம் வரும்வரை அமர்வதா? சிலர் போராட்டம் முடிந்தது என்றனர். பலர் அதனை ஏற்கவில்லை. அனைவர் சார்பிலும் பேசும் தகுதி எவர்க்கும் வழங்கப்பட்டிருக்கவில்லை. 23-ஆம் நாள் காலை காவல்துறை கூட்டத்தை அகற்ற முற்பட்டது; வன்முறை மூண்டது; கடற்கரையை அடுத்த நடுக்குப்பத்து மீனவ மக்கள் பெருந்துயர் உற்றனர். அன்று மாலையே சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. வன்முறை நிகழ்ச்சிகளை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி எஸ். இராஜேஸ்வரன் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைக்கப்பட்டது. அச்சட்டம் செல்லும் என உச்சநீதிமன்றம் 2023 மே 18-இல் தீர்ப்பளித்தது.

கோரிக்கை வென்றது, கூடியவரோ காயத்துடன் கலைந்தனர். இதன் காரணம் ஊன்றி நோக்கத்தக்கது. இணையம் அவர்களைக் கூட்டுவித்தது; ஆயினும் கூடியவர் தம்முள் முடிவெடுக்கும் முறை ஒன்றை முன்னரே பயின்றிருக்கவில்லை. அழைப்பதற்குச் செய்தி போதும். முடிவெடுப்பதற்கு நம்பிக்கை வேண்டும். அது நெடுநாள் பழகி, மாறுபட்டு, மீண்டும் உடன்பட்டு வளர்வது. ஏழு நாளில் அது விளையாது.

காலிமுகத்திடல் காட்டும் உண்மை

அண்டை நாடான இலங்கையில் 2022-இல் நிகழ்ந்ததும் இதனையே உணர்த்துகின்றது. எரிபொருளும் மருந்தும் அரிதாகிய நெருக்கடியில் இளைஞர் இணையவழி அழைப்பு விடுத்தனர். ஏப்ரல் தொடக்கத்தில் அரசு சமூக ஊடகங்களைச் சில மணிநேரம் முடக்கிப் பார்த்தது, அழைப்பு அடங்கவில்லை. ஏப்ரல் 9 முதல் கொழும்புக் காலிமுகத்திடலில் ஓர் ஊரே உருவாயிற்று. அங்கே நூலகமும் அமைந்தது. அவ்வாண்டு ரமலான் மாதத்தில் முஸ்லிம்கள் அத்திடலில் நோன்பு துறந்தபோது பிற சமயத்தாரும் உடனிருந்தனர். மே 18-இல் முள்ளிவாய்க்கால் நினைவேந்தலும் அங்கு நடைபெற்றது. நெடுங்காலம் பிரிந்து நின்ற இனங்கள் ஒருவர் துயரை ஒருவர் கேட்ட அரிய காலம் அது.

சூலை 14-இல் குடியரசுத் தலைவர் கோத்தபய இராசபக்ச பதவி விலகினார். சூலை 22-ஆம் நாள் விடியற்காலையில் படையினர் திடலுக்குள் நுழைந்து போராட்டக்காரரை அகற்றினர். 2024 செப்டம்பரில் நடந்த தேர்தலில் வென்றவர், ஊர்தோறும் நெடுங்காலம் அமைப்பு வளர்த்த ஓர் அரசியல் மரபிலிருந்து வந்த அநுர குமார திசாநாயக்க ஆவார். திடலில் விளைந்த உணர்வை அறுவடை செய்யும் ஆற்றல் அமைப்புடையோரிடமே இருந்தது. 1965-க்கும் 1967-க்கும் இடையே தமிழகத்தில் நிகழ்ந்ததும் இத்தகையதே.

வதந்தியின் விலை

விரைவின் மற்றொரு முகம் கொடியது. 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில், குழந்தைகளைக் கடத்துவோர் நடமாடுகின்றனர் என்னும் பொய்ச் செய்தி தமிழகத்தின் வடமாவட்டங்களில் வாட்ஸ்அப்வழிப் பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வ வழிபாட்டிற்காக உறவினருடன் வந்த மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்கு இனிப்பு வழங்கினார். அதனையே குற்றமாகக் கொண்ட கூட்டம் அவரை அடித்துக் கொன்றது. சவ்வாது மலையடிவாரத்தில் நிகழ்ந்த இக்கொலைக்குக் கருவியாய் இருந்தவை, ஆராயாமல் செய்தியை முன்னனுப்பிய விரல்களும் ஆகும். அவ்வாண்டிலேயே வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்குமேல் அனுப்ப இயலாதவாறு வரம்பு விதித்தது. 2023 மார்ச்சில் தமிழகத்தில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, அஞ்சிய தொழிலாளர் பலர் ஊர் திரும்ப முற்பட்டதையும் நாம் கண்டோம்.

இத்தீமைக்குரிய மருந்து நம் மரபில் உண்டு. தீயவன் கொணரும் செய்தியைத் தீர விசாரித்துத் தெளியவேண்டும், அறியாமையால் ஒரு கூட்டத்தார்க்குத் தீங்கிழைத்துப் பின் வருந்த நேரலாகாது என்னும் கருத்தைத் திருக்குர்ஆனின் 49-ஆம் அத்தியாயமாகிய அல்ஹுஜுராத் வலியுறுத்துகின்றது. யார் கூறினும் மெய்ப்பொருள் காணவேண்டும் என்பது வள்ளுவர் நெறி. மறையும் குறளும் ஒருங்கே விதித்த இக்கடமை, செய்தியை முன்னனுப்பும் ஒவ்வொரு கைக்கும் உரியதாகும்.

கொல்லிமலை என்னும் உரைகல்

இனி உரைகல்லுக்கு வருவோம். கொல்லிமலை வல்வில் ஓரியின் மலை. ஓரியை மலையமான் திருமுடிக்காரி போரிற் கொன்று இம்மலையைச் சேரனுக்கு அளித்த செய்தியைச் சங்க இலக்கியம் கூறும். வன்பரணர் போன்ற புலவர் பாடியிராவிடில் அம்மன்னனின் வள்ளன்மை நமக்கு எட்டியிராது. ஒரு மலையின் வாழ்வு வெளியுலகிற்குத் தெரிவதற்கு எழுதுவோர் வேண்டும் என்பதற்கு இதுவே பழஞ்சான்று.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறினால், ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என 14 ஊராட்சிகள் விரிகின்றன. 'நாடு' என்னும் பழம்பெயரே இன்றும் ஊராட்சிப் பெயராய் நிலவுகின்றது. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினரிடம் நாடுதோறும் கூடிப் பேசி வழக்குத் தீர்க்கும் முறை முன்னரே இருந்தது. கூடிப் பேசும் கலையை அவர்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை.

ஆயினும் அவர்தம் குரல் மலையிறங்கும் வழி குறுகியது. தமிழகச் சட்டமன்றத்தின் 234 தொகுதிகளுள் பழங்குடியினர்க்கென ஒதுக்கப்பட்டவை ஏற்காடு, சேந்தமங்கலம் என்னும் இரண்டே. கொல்லிமலை சேந்தமங்கலத்தைச் சேர்ந்தது. அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் தமிழகத்தின் எப்பகுதியும் சேர்க்கப்படவில்லை. ஆதலின், பட்டியல் பகுதிகளின் கிராம சபைகளுக்குச் சிறப்பதிகாரம் வழங்கும் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் இம்மலைக்குப் பொருந்துவதில்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் உண்டு. அதன்கீழ் உரிமை கோரும் பணி கிராம சபையிலேயே தொடங்குகின்றது. எனினும், 2008-ஆம் ஆண்டு உயர்நீதிமன்ற இடைக்கால ஆணையினால் தமிழகத்தில் உரிமை ஆவணம் வழங்குவது தடைப்பட்டது. 2016-இல் உச்சநீதிமன்றம் அத்தடையை நீக்கிய பின்னரே வழி திறந்தது. மெரினாவை அறிந்த இளைஞருள் இதனை அறிந்தவர் எத்தனை பேர்?

எழுதத்தக்க செய்திகள் அம்மலையில் நிறைய உள. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்களில் மரவள்ளி பரவியது. சேலம், இராசிபுரம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளின் தேவை அதற்கு ஒரு காரணம். மறையும் சிறுதானிய வகைகளைக் காக்க எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அங்குப் பணியாற்றி வந்துள்ளது. உணவாகத் தின்ற தானியம் விற்பனைக்குரிய கிழங்காக மாறும்போது ஒரு வீட்டின் அடுக்களையும் கடனும் உழைப்பும் மாறுகின்றன. இதுவும் அரசியலே. அம்மலையில் வெட்டியெடுக்கப்பட்ட பாக்சைட்டு மேட்டூர் அலுமினிய ஆலைக்குச் சென்றதும், எதிர்ப்பினையொட்டி 2008-இல் அப்பணி நின்றதும் அரசியலே.

அதே மாவட்டத்தின் மற்றொரு மலையாகிய போதமலையையும் நினைக்கவேண்டும். அங்குள்ள கீழூர், மேலூர், கெடமலை ஆகிய ஊர்களுக்குச் சாலை இல்லாமையால், தேர்தல்தோறும் வாக்குப்பதிவு இயந்திரங்களை அலுவலர் தலைச்சுமையாகக் கொண்டு சென்றனர். தேர்தல் நாளில் அப்படம் நாளேடுகளில் வெளிவரும், மறுநாள் மறக்கப்படும். சாலைப் பணி தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். வாக்கைப் பெறுவதற்கு இயந்திரம் மலையேறியது. நோயாளியை இறக்குவதற்கு வண்டி ஏற இயலவில்லை. ஐந்தாண்டுக்கொருமுறை வெளிவரும் ஒரு படத்தால் தீராத இக்குறை, திங்கள்தோறும் விடாது எழுதும் ஒரு சிறு குழுவினால் விரைந்து தீர்ந்திருக்கக்கூடும்.

குழுமம் அமையும் முறை

மேற்கூறிய வரலாறுகளிலிருந்து இளைஞர் கொள்ளத்தக்க நெறிகள் சில உள.

முதலாவது, பொருளைச் சுருக்குதல். உலக அரசியல் முழுவதையும் எழுத முற்படுவோர் எதனையும் முழுமையாக எழுதுவதில்லை. ஓர் ஊராட்சி, ஒரு பேருந்துத் தடம், ஒரு துணைச் சுகாதார நிலையம் என எடுத்துக்கொண்டு அது தீரும்வரை தொடர்ந்து எழுதுவதே நலம்.

இரண்டாவது, ஆவணத்தைத் துணைக்கொள்ளல். 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, 10 ரூபாய்க் கட்டணத்துடன் எழுதும் விண்ணப்பத்திற்கு 30 நாள்களுக்குள் அலுவலகம் விடையளிக்கவேண்டும். ஊராட்சியின் வரவுசெலவும் கிராம சபைத் தீர்மானமும் மக்கள் அறிதற்குரியவை. நூறு வசைச்சொற்களைவிட ஓர் அலுவலக விடைக்கு வலிமை மிகுதி.

மூன்றாவது, பெயரிட்டு எழுதுதலும் பிழை திருத்துதலும். தவறான செய்தி எவ்விடத்தில் வெளியாயிற்றோ, திருத்தமும் அதே இடத்தில், அதே அளவிற்குத் தெரியுமாறு வெளியாகவேண்டும். திருத்தம் வெளியிடும் குழுவை மக்கள் நம்புவர்.

நான்காவது, கலந்தாய்வு. திருமறையின் 42-ஆம் அத்தியாயம் 'அஷ்ஷூரா' என்றே பெயர் பெற்றது. கலந்தாலோசனை என்பது அதன் பொருள். மஷூரா செய்து முடிவெடுக்கும் வழக்கம் நம் ஜமாஅத்துகளில் வேரூன்றியது. இணையக் குழுமமும் அம்முறையைப் பின்பற்றலாம். குழுவின் சார்பில் பேசுவோர் யாவர், எத்துணைக் காலம், கருத்து மாறுபட்டால் முடிவு எவ்வாறு என்பனவற்றை அமைதியான காலத்திலேயே எழுதிவைத்தல் வேண்டும். மெரினாவின் ஐந்தாம் நாளில் இல்லாதுபோனது இதுவே.

ஐந்தாவது, இணையம் எட்டாதாரைக் கேட்டல். 2020-இல் பெருந்தொற்றினால் வகுப்புகள் கைப்பேசிக்கு மாறியபோது, அலைத்தொடர்பைத் தேடி மலையூர்ப் பிள்ளைகள் மேடுகளில் ஏறியமர்ந்த செய்திகளைப் படித்தோம். கைப்பேசி இல்லாதவரும், இருந்தும் எழுதத் தயங்கும் பெண்டிரும் முதியோரும் உள்ளனர். அவர்களிடம் நேரிற் சென்று கேட்டெழுதி, எழுதியதை அவர்கள்முன் உரக்கப் படித்துக்காட்டி, அவர்கள் திருத்தியபின் வெளியிடுதல் வேண்டும். பழைய படிப்பகத்தின் முறைமை இதுவே.

ஆறாவது, எழுத்தை அவையேற்றுதல். தமிழகத்தில் சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடவேண்டும் என்பது அரசின் ஏற்பாடு. வாக்காளர் எவரும் அங்கு எழுந்து கேட்கலாம். எழுதிய கட்டுரை தீர்மானமாக மாறும் இடம் அதுவே.

சட்டத்தின் காவலும் எல்லையும்

அரசியல் எழுதினால் ஆபத்து என்னும் அச்சம் பெற்றோரிடம், சிறப்பாகச் சிறுபான்மைச் சமுதாயத்துப் பெற்றோரிடம், உண்டு. அவ்வச்சம் முற்றிலும் காரணமற்றதன்று. 2012 நவம்பரில் மகாராட்டிரத்தின் பால்கரில் முகநூலில் கருத்து வெளியிட்டமைக்காக இளம்பெண்கள் இருவர் கைது செய்யப்பட்டனர். ஆயின் அதனை எதிர்த்து உச்சநீதிமன்றத்தை அணுகியவரும் ஷ்ரேயா சிங்கால் என்னும் ஓர் இளம்பெண்ணே. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என 2015 மார்ச் 24-இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்து அதனை நீக்கியது.

ஆயினும் உரிமைக்கு எல்லை உண்டு. சமயம், சாதி, மொழி இவற்றின் பெயரால் பகைமை மூட்டுதல் 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவின்படி குற்றமாகும். அவதூறும் குற்றமே. கொள்கையைக் கடுமையாக மறுக்கலாம், ஆளை இழிவுபடுத்தலாகாது. ஆவணத்தின்மேல் நின்று அடக்கமாக எழுதுவோர்க்குச் சட்டமே அரணாகும்.

பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள்

1989-இல் நடைமுறைக்கு வந்த 61-ஆம் திருத்தத்தினால் வாக்களிக்கும் அகவை 21-இலிருந்து 18 ஆயிற்று. ஊராட்சித் தேர்தலில் 21 அகவையிலும், சட்டமன்றத் தேர்தலில் 25 அகவையிலும் போட்டியிடலாம். கல்லூரிக்குள் நுழையும் மாணவர் நாட்டின் ஆட்சியைத் தெரிவு செய்யும் உரிமையுடன் நுழைகின்றனர் என்பது இதன் பொருள். அவர்களை அரசியல் பேசாதே எனத் தடுத்தால் பேச்சு நின்றுவிடுவதில்லை. பெரியோர் காணாத இடத்திற்குச் செல்கின்றது. அங்கே அவர்களை எதிர்பார்த்திருப்போர் நல்லாசிரியர் அல்லர், வெறுப்பை விற்போரே.

ஆதலின் ஆசிரியர் மாணவர்தம் எழுத்தைப் படித்துச் சான்று கேட்கவேண்டும். ஜமாஅத்துப் பெரியோர் தம் நூலகத்தில் ஒரு மேசையை அவர்கட்கு ஒதுக்கலாம். இதழியல் அறிந்தோர் பிழை திருத்தும் பொறுப்பை ஏற்கலாம். தாவூத் ஷாவும் சித்திலெப்பையும் நடத்திய இதழ்கள் தம் காலத்தில் எதிர்ப்பைச் சந்திக்காமல் வளர்ந்தவை அல்ல. ஆதரித்த சிலரால்தான் அவை நின்றன.

முடிவுரை

கையெழுத்து இதழுக்குச் சில பத்துப் படிகளே இருந்தன; படித்தவர் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். இன்றைய எழுத்துக்கு இலட்சம் கண்கள் உண்டு, அறிமுகம் இல்லை. முன்னதன் நெருக்கத்தையும் பின்னதன் பரப்பையும் இணைப்பதே நம் தலைமுறையின் பணியாகும். மெரினாவும் காலிமுகத்திடலும் கூடுவதன் ஆற்றலைக் காட்டின. கூடியபின் முடிவெடுக்கப் பயிலவேண்டும் என்பதையும் காட்டின. அப்பயிற்சிக்குரிய களம் சிறிய ஊரின் சிறிய அவையே.

தமிழ்த்துறை மாணவர் பத்துப் பேர் கொல்லிமலையின் 14 நாடுகளுள் ஒன்றையோ, தம் ஊரின் ஊராட்சியையோ தேர்ந்துகொள்ளட்டும். அடுத்த கிராம சபை நாளுக்கு முன் அங்குச் சென்று கேட்கட்டும். கேட்டதை ஆவணத்தோடு ஒப்பிட்டு எழுதட்டும். எழுதியதை அவ்வூரார் முன் படிக்கட்டும். ஒரு பேருந்து காலத்தில் வருமானால், ஒரு குடும்பத்திற்கு வன உரிமை ஆவணம் கிடைக்குமானால், அவ்வெழுத்து தன் மாற்றைக் காட்டிவிட்டது எனக் கொள்ளலாம். அத்தகைய எழுத்தை வளர்க்கும் ஆற்றலை எல்லாம் வல்ல இறைவன் நம் இளைஞர்க்கு அருள்வானாக.